கடைசிப் பத்து நிமிஷம்

ஜூலை 2, புதன்

சொட்டு மருந்து: காலை 6, 10, மதியம் 2, மாலை 6. நான்கும் விட்டாயிற்று.

மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் இந்த நோட்டைக் கொடுத்து, மருந்து விட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். நூறு பக்கம். மருந்துக்கு நாளைக்கு ஒரு வரி போதும். மீதியை நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். வீட்டில் இருக்கிற ஒரே ஆளும் தரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். யாரிடம் பேசுவது?

இவருக்கு வலது கண்ணில் உள்திரை பிய்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு காற்றுக் குமிழியை விட்டிருக்கிறார்கள். அது மேலே எழும்பித் திரையை அழுத்திப் பிடித்து ஒட்டவைக்க வேண்டுமாம். அதற்கு இவர் முகம் இருபத்தொரு நாள் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். மணிக்குப் பத்து நிமிஷம் எழுந்து உட்காரலாம், அப்போதும் குனிந்த தலை நிமிரக் கூடாது. டிவி, செல்போன், பேப்பர் எதுவும் ஆகாது. "மல்லாக்கப் படுத்தீங்கன்னா அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அரசு பஸ்ஸில் இருபத்துமூன்று வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். கண் ஒட்டவில்லையென்றால் டெப்போவில் ஒரு மூலையில் உட்கார்த்திவைத்து டயர் எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். அப்படி இருப்பதற்கு இந்த ஆவுடையப்பன் சாகலாம் என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டார்.

ஜூலை 3, வியாழன்

மருந்து நான்கு வேளை.

கட்டிலின் ஓரத்தில் நெற்றிக்கு ஒரு தலையணை, நெஞ்சுக்கு ஒரு தலையணை. முகம் வெளியே தொங்கும்படி அமைத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் பதினாறு தடவை கூப்பிட்டார். மணி என்ன, வெளியே சாரலா, குற்றாலம் ஸ்பெஷலை யார் ஓட்டுகிறார்கள், தரையில் ஓடுகிற எறும்பு எந்தப் பக்கம் போனது. நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். கிரைண்டர் ஓடுகிறபோது எறும்புக்குப் பதில் சொல்ல முடியுமா?

ஜூலை 4, வெள்ளி

மருந்து நான்கு வேளை. 10 மணி மருந்து பத்து நிமிஷம் தாமதம். காரணம் கீழே.

இவர் சினிமாப் பைத்தியம். சரி, கதையாவது சொல்வோம் என்று உட்கார்ந்து, போன மாதம் டிவியில் பார்த்த படத்தை ஆரம்பித்தேன். "கடைசில அந்த அண்ணன்காரன்தான் கொலைகாரன். அவனுக்கு ஒரு தங்கச்சி இருந்தா..."

"ஏட்டி, நிப்பாட்டு. நீ கதை சொன்னா கருமாதியிலேருந்துல்லா ஆரம்பிக்க."

என் வழக்கம் அப்படி. யார் சாவார்கள், யார் பிழைப்பார்கள் என்று தெரியாமல் என்னால் படம் பார்க்க முடியாது. இவர் நேர் எதிர். கல்யாணமான புதிதில் பழைய படங்களின் கதையை மணிக்கணக்கில் சொல்வார். முடிவு வரும்போது மட்டும் நிறுத்திவிடுவார். "முடிவைச் சொல்லிட்டா அப்புறம் என்னட்டி இருக்கு? நீயே பாத்துக்கோ" என்பார். பெரிய மனசு என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போது வாசலில் அடுத்த தெரு தையல்காரி வந்து நின்றாள். இரண்டு வருஷமாக எனக்கு ரவிக்கை தைக்கிறவள். "மைனி, ரவிக்கை கொண்டாந்திருக்கேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "செல்லக்கிளியா?"

முகத்தைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கவில்லை. குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். நான் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை கூப்பிட்டபோது "யாரு, நர்ஸா?" என்று கேட்ட மனுஷன்.

"அண்ணாச்சி!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மீனலோசனி தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டை அவளுடைய அப்பாதான் குத்தகைக்கு எடுத்திருந்தாராம். இவள் அங்கே டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். இவர் அப்போது லாரி கிளீனர். வாரத்துக்கு மூன்று படம். தியேட்டர் கல்யாண மண்டபமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இவள் புருஷன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். இத்தனை விவரமும் பத்து நிமிஷத்தில் தெரிந்தது. மருந்து தாமதமானதற்கு இதுதான் காரணம்.

போகும்போது, "பொழுது போகலன்னா பழைய படம் ஒண்ணு சொல்லட்டா அண்ணாச்சி? சாயங்காலம் வாரேன்" என்றாள். என்னிடம் கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

மருந்து நான்கு வேளை.

வந்தாள். கட்டிலுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இவருக்குத் தெரிவதெல்லாம் அவள் கால் மட்டும்தான். பித்தவெடிப்பு விழுந்த கால். எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஒரு ரெயில்வே கேட்காரன் கதை. தினமும் சைக்கிளில் தண்டவாளத்தைக் கடந்து போகிற டீச்சர்மேல் அவனுக்கு ஆசை. அவளைப் பண்ணையார் மகனுக்குப் பேசிவிடுகிறார்கள். இவ்வளவையும் அவள் சொல்கிற அழகு இருக்கிறதே! கேட் இறங்குகிற சத்தம், சைக்கிள் மணி, தூரத்து எஞ்சின் எல்லாம் அவள் வாயிலேயே வந்தது. நான் கிரைண்டரை நிறுத்திவிட்டு அடுப்படியிலிருந்தே கேட்டேன். மாவு பாதி அரைபட்டுக் கிடந்தது.

கல்யாணக் கார் கேட்டுக்கு வருகிறது. ரெயில் எதுவும் இல்லாத நேரத்தில் அவன் கேட்டை மூடிவிட்டு நிற்கிறான். ஆளாளுக்கு ஹாரன் அடிக்கிறார்கள். மணப்பெண் இறங்கி அவனிடம் வருகிறாள்.

"'ரெயில் வருதா?'ன்னு கேக்கா. 'இல்ல'ங்கான். 'அப்போ தொறங்க'ங்கா. அவன் தொறக்கான், அண்ணாச்சி. அவ திரும்பிக் காருக்குப் போகல. நடந்தே அந்தப் பக்கம் போயிருதா. கார் இந்தப் பக்கம் நிக்கி. அவ்வளவுதான் படம்."

இவர் ஒரு மணி நேரமும் அசையவில்லை. பத்து நிமிஷம் எழுந்திருக்கலாம் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். கண்ணுக்கு நல்லது. எனக்குத்தான் வயிறு எரிந்தது. எழுதிவிட்டேன், கிடக்கட்டும்.

ஜூலை 7, திங்கள்

மருந்து நான்கு வேளை. அவள் நேற்றும் வந்தாள், இன்றும் வந்தாள்.

இன்று கால் தேய்த்துக் கழுவி வெள்ளையாக இருந்தது.

ஜூலை 9, புதன்

மருந்து நான்கு வேளை.

நேற்று நகத்துக்குச் சிவப்புப் பாலிஷ் போட்டு வந்தாள். கால் நகத்துக்கு மட்டும். கையில் இல்லை. பார்க்கிற ஆளுக்குக் கால்தானே தெரியும்!

இன்று மத்தியானமே முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து மருதாணி அரைத்தேன். ஒன்றரை மணி நேரம் காலை நீட்டி வைத்திருந்தேன். மாவு வாங்க வந்தவர்களை அவர்களே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மாலை மருந்து விடப் போனபோது இவர், "ஏட்டி, கால்ல என்ன, ரத்தமா? அருவாமணைல மிதிச்சிட்டியா?" என்றார்.

ஜூலை 10, வியாழன்

மருந்து நான்கு வேளை.

ஒரு காரியம் செய்தேன். அந்தக் கேட்காரன் படத்தைச் செல்போனில் தேடிப் பிடித்து, தோசைக்கல் முன்னால் சாய்த்துவைத்து முழுசாகப் பார்த்தேன். நல்ல படம்தான். மறுப்பதற்கில்லை. கல்யாணக் கார் கேட்டுக்கு வந்து நிற்கிற வரைக்கும் செல்லக்கிளி சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு? காரிலிருந்து பத்து அடியாட்கள் இறங்குகிறார்கள். கால் மணி நேரம் சண்டை. ரெயில் வந்து வில்லனை அடிக்கிறது. கேட்காரன்தான் பண்ணையாரின் காணாமல்போன மூத்த மகன் என்று கழுத்துத் தாயத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதுகொண்டே மாலையை மட்டும் மாற்றுகிறாள். தோசைக்கல்லைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. இவ்வளவு அருமையாகக் கொண்டுவந்த படத்தை இப்படியா கெடுப்பார்கள்!

ஆனால் ஆத்திரம் அடங்கினதும் இன்னொன்று புரிந்தது. அந்த நடந்து போகிற முடிவு படத்தில் இல்லவே இல்லை. அவள் அளந்துவிட்டிருக்கிறாள்.

கையும் களவுமாக மாட்டினாள் என்று சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

மருந்து: காலை 6, 10, மதியம் 2. மாலை மருந்து விட விடவில்லை.

இன்று ஜெயில் படம். அதைத்தான் சொல்லப்போவதாக முந்தாநாளே சொல்லிவைத்திருந்தாள். புருஷன் பதினாலு வருஷம் ஜெயிலில். அவள் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை போட்டுப் பிழைக்கிறாள். கடைசியில் அவன் விடுதலையாகி, தாடியும் மீசையுமாக அதே கடைக்கு வந்து ஒரு டீ கேட்கிறான். அவள் நிமிர்ந்தே பார்க்காமல் டீயை ஆற்றி நீட்டுகிறாள்.

செல்லக்கிளி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவன் ஒரு வாய் குடிக்கான். அவ கல்லாவைத் தொடச்சிக்கிட்டே கேக்கா: 'சீனி கம்மியாத்தான குடிப்பிய? சரியா இருக்கா?'ன்னு. முடிஞ்சி போச்சி அண்ணாச்சி."

தரையில் ஒரு சொட்டு விழுந்தது. மருந்து வழிகிறது என்று துடைக்கப் போனேன். இரண்டாவது சொட்டும் விழுந்தது. இடது கண்ணிலிருந்து. இடது கண்ணுக்கு நான் மருந்தே விடுவதில்லை.

கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் என் பேச்சுக்கு இவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்து நான் பார்த்ததில்லை. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இந்தப் படமும் அப்படி முடியாது" என்றேன். "நேத்தே பாத்து வச்சிட்டேன். கடைசில எல்லாமே கனவு. அவன் கோர்ட் பெஞ்சில உக்காந்து கனவு கண்டிருக்கான், முழிச்சிக்கிடுதான், அவ்வளவுதான். அந்த ரெயில்வே கேட் படத்துல சண்டை. நீங்க சொன்ன ஒரு முடிவும் படத்துல கெடையாது. கண்ணு தெரியாமக் கெடக்கிற மனுஷனை எதுக்கு ஏமாத்துதிய?"

போனை எடுத்து அந்தக் கனவுக் காட்சியை ஓடவும் விட்டேன். இவர் காதுக்குப் பக்கத்திலேயே பிடித்தேன். கோர்ட் சேவகன் பெயரைக் கூவுகிற சத்தம் மட்டும் வீடெல்லாம் கேட்டது.

செல்லக்கிளி எழுந்தாள். முக்காலியைச் சுவரோரம் எடுத்துப் போட்டாள். "வாரேன் மைனி" என்றாள். இவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இவர் தரையைப் பார்த்தபடியே பேசினார். "அவ ஒரு படத்தையும் கடைசி வரைக்கும் பாத்ததில்லட்டி. எல்லாரும் சைக்கிளை விட்டுட்டு உள்ள போன பெறகு, அவளும் வந்து கடைசி வரிசையில நின்னு பாப்பா. படம் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது அவ அப்பா வெளிய விசிலடிப்பாரு. கூட்டம் வாரதுக்குள்ள போயி சைக்கிளை எடுத்து வரிசையா விடணும். அந்தத் தியேட்டர்ல ஓடுன எந்தப் படத்துக்கும் முடிவு என்னன்னு அவளுக்குத் தெரியாது."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இவர் நெற்றித் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

"உங்களத்தான கேக்கேன். எப்படித் தெரியும்?"

"நானும்தான் பாத்ததில்ல" என்றார்.

ஜூலை 12, சனி

மருந்து நான்கு வேளை.

ஜூலை 13, ஞாயிறு

மருந்து நான்கு வேளை. உளுந்து தீர்ந்துவிட்டது.

வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூலை 14, திங்கள்

மருந்து: காலை 6, 10. மதியம் நடந்ததைக் கீழே எழுதுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வாரத்துக்கு மூன்று படம், நாலைந்து வருஷம். படத்துக்குப் பத்து நிமிஷம். கூட்டம் வருவதற்கு முன்னால், ஆள் இல்லாத சைக்கிள் ஸ்டாண்டில், அவளும் இவரும். முடிவை நீயே பார்த்துக்கொள் என்று என்னிடம் சொன்னதெல்லாம் பெரிய மனசு இல்லை. தெரியாததால்தான் சொல்லவில்லை. முடிவு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் வெளியே நின்றிருக்கிறார்.

மதியம் உளுந்து வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், இவர் மல்லாக்கப் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"என்ன காரியம் செய்திய! திரும்புங்க! கண்ணு போயிரும்!"

"போட்டும். ரெண்டு வாரமா தரையைப் பாத்தாச்சு. தரையில ஒண்ணுமில்ல."

என் பலம் முழுவதையும் கொடுத்துப் புரட்டினேன். ஓரத்தில் ஏதோ நிழல் மாதிரி ஆடுகிறது என்று அவரே அப்புறம் சொன்னார். மதுரைக்குப் போன் போட்டேன். உடனே குப்புறப் படுக்க வையுங்கள், நிழல் பெரிதானால் கிளம்பி வந்துவிடுங்கள், இன்னும் ஒரு வாரம் அசையவே கூடாது என்றார்கள். பொறாமையில் புருஷன் கண்ணை அவித்தவள் என்று பேர் வாங்கப் போகிறேனா?

இரண்டு மணி மருந்தை மூன்று மணிக்கு விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து நானே ஒரு படம் சொல்லிப் பார்த்தேன். முதலிலிருந்துதான் ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில், "கை வலிக்கி, எந்திரிக்கட்டா?" என்றார்.

ஜூலை 15, செவ்வாய்

மருந்து நான்கு வேளை. நிழல் பெரிதாகவில்லை.

செல்லக்கிளி வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. ரவிக்கை கை இறுக்கமாக இருக்கிறது என்று ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போனேன். அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையை வாங்கி, தையலைப் பிரித்துக்கொண்டே பேசினாள். என்னைப் பார்க்கவில்லை.

"மைனி, நான் ஏமாத்தணும்னு சொல்லல. எனக்குத் தெரிஞ்ச முடிவு அதுதான். அண்ணாச்சியும் விசில் கேட்டா எந்திரிச்சி வந்துருவாக. கூட்ட நெரிசல்ல சைக்கிள் எடுக்க முடியலன்னு சொல்லுவாக. ஒங்க சைக்கிளைத் தனியாத்தான வச்சிருக்கேன், போயி முடிவைப் பாத்துட்டு வாங்களேம்பேன். 'நீ சொல்லு, என்ன ஆயிருக்கும்?'னு கேப்பாக. நான் ஒண்ணு சொல்லுவேன். அதுக்குள்ள கூட்டம் வந்துரும். அவ்வளவுதான் மைனி. ஒரு விரல் பட்டதில்ல."

விரல் பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றேன்.

"அப்புறம் மைக்செட்டுப் படம் வந்துச்சி. பொங்கலுக்கு வந்த படம், மூணாவது வாரம். நான் விசில் கேட்டு எந்திரிச்சி வந்துட்டேன். அண்ணாச்சி சைக்கிளை எடுத்து முன்னால நிறுத்தி வச்சேன். அவுக வரல. முடிவைப் பாத்துட்டுக் கூட்டத்தோடதான் வந்தாக. பக்கத்துல நீங்க இருந்திய. அரக்குக் கலர் பட்டுச் சேலை. அவுக சட்டைக் கையைப் பிடிச்சிக்கிட்டு, படத்தைத் திட்டிக்கிட்டே வந்திய."

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமாகி ஐந்தாவது நாள். நல்ல படம், முடிவுதான் சப்பென்று போய்விட்டது என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தேன். இவர் மட்டும், "எனக்குப் பிடிச்சிருந்துச்சி" என்றார். இப்படிப்பட்ட முடிவைப் பிடித்திருக்கிறது என்கிற ஆளுக்கா வாக்கப்பட்டோம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிரித்துத் தைத்த ரவிக்கையை மடித்துக் கொடுத்தாள். "நாளைக்கு வாங்க" என்றேன். "அந்த மைக்செட்டுப் படத்தைச் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

அவளுக்குத் தெரிந்த படங்களில் அதை மட்டும்தான் நான் இவரோடு உட்கார்ந்து கடைசிவரை பார்த்திருந்தேன். அதனால்தான் கேட்டேன். வேறு நல்லெண்ணம் ஒன்றும் இல்லை.

ஜூலை 16, புதன்

மருந்து நான்கு வேளை.

வந்தாள். பாலிஷ் அழிந்து பாதி நகத்தில்தான் இருந்தது. கிரைண்டரை ஓடவிடாமல் நானும் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இவருக்கு இப்போது நான்கு கால் தெரிந்திருக்கும்.

ஊர் ஊராகப் போய்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் கட்டுகிறவன் ஒருத்தன். ஒரு ஊரில் தர்மகர்த்தா மகளிடம் மனசு போய்விடுகிறது. அவளுக்கும் ஆசைதான். ஆனால் வாயைத் திறந்து சொன்னதில்லை. செய்தி அப்பா காதுக்குப் போகிறது. அவளை அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். அவன் மைக்கையெல்லாம் கழற்றி வண்டியில் ஏற்றுகிறான். ஒரே ஒரு மைக்கின் வயரை மட்டும் நீளமாக விட்டு அவள் ஜன்னல் வழியாக உள்ளே நீட்டுகிறான். ஊர் முழுக்க ஸ்பீக்கர் குழாய் கட்டியிருக்கிறது. அவள் என்ன சொன்னாலும் ஊருக்கே கேட்கும்.

"அவ மைக்கைக் கையில எடுக்கா" என்றாள் செல்லக்கிளி. "ஊரே மேல பாத்துக்கிட்டு நிக்கி. அவ வாயைத் தொறக்கா. அப்பாவோட விசில் கேட்டுச்சி. நான் எந்திரிச்சி வெளிய வந்துட்டேன். இதுக்கு மேல எனக்குத் தெரியாது. மைனிதான் சொல்லணும்."

இதற்கும் ஒரு முடிவு வைத்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. இந்த ஒரு படத்துக்கு அவள் முடிவு செய்யவே இல்லை. இருபத்தைந்து வருஷமாக அப்படியே விட்டுவைத்திருக்கிறாள். கேட்பதற்கு அன்றைக்கு ஆள் வெளியே வரவில்லை.

இருவரும் காத்திருந்தார்கள். முடிவை முதலிலேயே போட்டு உடைக்கிற எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஏதாவது நல்லதாகக் கட்டிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எனக்கு அது வராது.

"ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றேன். "கரண்டு போயிரும். கரண்டு வரும்போது தர்மகர்த்தா திருந்தியிருப்பாரு. எல்லாரும் நின்னு குரூப் போட்டோ எடுப்பாங்க. அவ்வளவுதான்."

"ஒண்ணுமே சொல்ல மாட்டாளா?"

"ஒண்ணுமே."

செல்லக்கிளி தன் கால் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லுங்க. அவ என்ன சொல்லியிருப்பா?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"கரண்டு போனதே நல்லது மைனி" என்றாள்.

தரையைப் பார்த்தேன். சொட்டு எதுவும் விழவில்லை. கட்டிலிலிருந்து இவர் சொன்னார்: "அந்தப் போட்டோல தர்மகர்த்தா பொண்டாட்டி கண்ணை மூடிருப்பா. நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சட்டி, வீட்டுக்கு வார வரைக்கும்."

திட்டினது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. சிரித்ததை இவர் வைத்திருந்திருக்கிறார்.

ஜூலை 22, செவ்வாய்

மருந்து: காலை 6. மீதியை மதுரையில் விட்டார்கள்.

ஒட்டிவிட்டது. டாக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். குமிழி முழுசாகக் கரைய இன்னும் ஒரு மாதம் ஆகும், அதுவரை வண்டி தொடக் கூடாது, ஆனால் தலையை நிமிர்த்தலாம். இவர் நிமிர்ந்து முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். வேறு வழியில்லை, எதிரே நான்தான் நின்றேன். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார்.

"மருதாணி அழிஞ்சிட்டே" என்றார்.

பாவி மனுஷன், அது மருதாணி என்று தெரிந்துதான் ரத்தமா என்று கேட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மருந்து இல்லை. நிறுத்திப் பத்து நாளாகிறது. நோட்டில் பக்கம் இருப்பதால் எழுதுகிறேன்.

நாளை மறுநாள் டெப்போவில் இவருக்கு டியூட்டி. கண் சர்டிபிகேட் வந்துவிட்டது. அதைக் கொண்டாட மேட்னி ஷோ போனோம். தாயும் மகளும் கடல் பார்க்கப் புறப்படுகிற கதை. இடைவேளைக்குப் பிறகு தியேட்டரில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. அவ்வளவு அருமை. முடிய ஒரு பத்து நிமிஷம் இருக்கும்போது இவர் சீட்டில் நெளிந்தார். வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை. ஒவ்வொரு படத்திலும் நெளிந்திருப்பார்.

சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் எழுந்திருக்கவில்லை.

முடிவு படு மோசம். மகளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்து, பாட்டு ஒன்று போட்டு, விமானம் பறந்து, கடலையே காட்டாமல் முடித்துவிட்டார்கள். "எனக்குப் பிடிச்சிருந்துச்சி" என்றார் இவர். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தால் மறுபடி எரிகிறது. அவளோடு இவருக்குக் கிடைத்ததெல்லாம் நல்ல முடிவு. என்னோடு பார்த்ததெல்லாம் இப்படி. எத்தனை படம்! எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதைத்தான் நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் மாவு வாங்க வந்த செல்லக்கிளி, படம் எப்படி என்றாள். கடல் பார்க்கக் கிளம்புகிற கதையைச் சொன்னேன். முதலிலிருந்துதான் சொன்னேன். "கடைசில கடலைப் பாத்தாங்களா மைனி?" என்று கேட்டபோது அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்தேன். மனசுக்குள் ஒரு கடலைக் கட்டிவிட்டாள் என்று தெரிந்தது. அதைச் சாயங்காலம் வந்து எங்கள் வீட்டில் விரிப்பாள்.

"கெளம்புங்க. மேட்னிக்குப் போவோம்" என்றேன். என் ஸ்கூட்டரிலேயே கூட்டிப் போனேன். டிக்கெட்டும் நான்தான் எடுத்தேன். நல்ல மனசில் செய்தேன் என்று எழுத ஆசைதான். அவளும் ஒரு முடிவைப் பார்க்கட்டும் என்றுதான் செய்தேன்.

படம் முழுக்க அவள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள். பத்து நிமிஷம் இருக்கும்போது எந்த விசிலும் இல்லாமலே எழுந்துவிட்டாள். சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். உட்கார்ந்தாள். அமெரிக்க வேலை வந்தது. பாட்டு வந்தது. விமானம் பறந்தது. லைட்டைப் போட்டார்கள். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா மைனி?" என்றாள்.

"இவ்வளவுதான்" என்றேன்.

கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. வெளியே ஸ்டாண்டில் டோக்கனைக் கொடுத்து வண்டி எடுக்க நீளமான வரிசை. அதன் கடைசியில் போய் நாங்கள் இருவரும் நின்றோம்.